ஒன்று விட்டு ஒன்று

அப்பாவின் கேமராவில் நூற்றுப்பன்னிரண்டாவது படமும் ரயில்தான். சனாயே அதைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்த்தாள். அதுவும் ரயில், ஆனால் கலங்கிப்போன ரயில். பக்கத்து அறையில் இறுதிச் சடங்குக் கம்பெனியின் மியாசாகா, அப்பாவின் வயிற்றின் மேல் வைத்திருந்த உலர்பனிக் கட்டிகளை மாற்றிக்கொண்டிருந்தார். நடுக்கதவு திறந்தே இருந்தது. வெள்ளைத் துணி மூடிய முகமும் தலைமாட்டு ஊதுபத்தியும் அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தன.

மியாசாகாவுக்கு ஒரு முகம் வேண்டும். மாலைச் சடங்கில் பூக்களுக்கு நடுவே வைக்கிற பெரிய படத்துக்கு. பதினொரு மணிக்குள் கொடுத்தால் போதும், கோட்டு போடாத படமானால் கோட்டும் போட்டுவிடலாம் என்று அவர் நேற்றே சொல்லிவிட்டார். ஆனால் அப்பா கொமியாமா ஷோகிச்சி எழுபத்தெட்டு வயதில் நாற்பது வருடத்தைக் கேமராவுக்குப் பின்னால் நின்றே கழித்தவர். வீட்டு ஆல்பத்தில் மாமன் மச்சான் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். படம் எடுத்தவர் மட்டும் எங்கேயும் இல்லை.

"அந்த அட்டையில ஒரு படம் இருக்குமே அக்கா? லைசென்ஸத் திருப்பிக் குடுத்ததுக்குப் பதிலா தந்தாங்களே." ஒசாகாவிலிருந்து நேற்று வந்து சேர்ந்த தம்பி யசுதாகா, தேநீரை ஊதிக்கொண்டே கேட்டான்.

"அது வேண்டாம்."

"ஏன், நல்லா இல்லையா?"

"வேண்டாம்னா விடேன்டா."

அவன் விட்டுவிட்டான். தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு உள்ள சௌகரியம் அது, கேட்டுவிட்டு விட்டுவிடலாம். அந்த அட்டையின் படம் எடுத்தபோது அப்பாவின் பக்கத்தில் நின்றவள் சனாயேதான். ஜூன் மாதம். காவல் நிலையத்து ஆள் "இங்க பாருங்க" என்றபோது அப்பா கேமராவைப் பார்க்காமல் இவளைப் பார்த்தார். சரியாகத்தான் செய்கிறோமா என்று கேட்கிற பார்வை. சரிதான் என்று இவளும் தலையை ஆட்டினாள்.

எல்லாம் மே மாதத்தில் ஆரம்பித்தது. ஒருநாள் சாயங்காலம், வழக்கமாக ரயில்களைப் படம் எடுக்கிற ரயில் பாலத்திலிருந்து வந்த அப்பா, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"சனாயே, இந்தக் கேமரா மாறிடுச்சும்மா."

"எப்படிப்பா மாறும்? உங்களோடதுதானே?"

"என்னோடதுதான். கீறல்கூட அதேதான். ஆனா கை சொல்றதக் கேக்க மாட்டேங்குது."

அன்றைக்கு அவள் சிரித்துவிட்டாள். மறுநாளும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சனாயேவுக்கு ஒகாயா நகர அலுவலகத்தில் முதியோர் நலப் பிரிவில் வேலை. 'இவற்றைக் கவனித்தீர்களா?' என்று பத்து அறிகுறிகளை அச்சடித்த மஞ்சள் தாளைப் பதினோரு வருடமாக ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தவள். ஏழாவது அறிகுறி, நெடுநாள் பழகிய கருவியைக் கையாளத் திணறுவது. எட்டாவது, தன் தவறுக்குப் பொருள்மேல் பழி போடுவது. ஏழும் எட்டும் தன் வீட்டு வாசலிலேயே செருப்போடு நிற்கும் என்று அவள் நினைத்ததில்லை.

மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள். மறதிநோய்ச் சோதனையில் முப்பதுக்கு இருபத்துமூன்று மதிப்பெண். எல்லைக்கோடு என்றார் மருத்துவர். அப்பா கிழமையை மாற்றிச் சொல்லியிருந்தார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கும்போது நடுவில் நின்றுவிட்டார். நின்றதற்குக் காரணம் மறதியா மானமா என்று யார் கண்டது. சனாயே கைப்பையிலிருந்து அப்பாவின் சின்ன நோட்டை எடுத்து மருத்துவரிடம் காட்டினாள். பக்கம் பக்கமாக வட்டமும் பெருக்கல் குறியும். இதையேதான் எழுதிக்கொண்டிருக்கிறார், டாக்டர், என்றாள். அப்பா பக்கத்தில்தான் இருந்தார்.

அதற்கப்புறம் கார் போயிற்று. இலவசப் பேருந்து அட்டை வந்தது. பாலத்துக்குப் போகிற பேருந்து ஒரு நாளைக்கு மூன்று. ரயில் வருகிற நேரத்துக்கும் பேருந்து வருகிற நேரத்துக்கும் ஒட்டே கிடையாது. அப்பா பாலத்துக்குப் போவதை நிறுத்தினார். கேமரா பை அலமாரிக்குள் போனது. இரண்டு மாதம் கழித்து, இந்தத் திங்கட்கிழமை காலை, யாரிடமும் சொல்லாமல் அவர் அந்தப் பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போயிருக்கிறார். பேருந்து வந்தும் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. டிரைவர் இறங்கிப் பார்த்தார். மாரடைப்பு, அதிகம் கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்றார்கள். ஏன் திடீரென்று கிளம்பினார் என்று யாருக்கும் தெரியவில்லை.

சனாயே படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். பாலத்து ரயில்கள் முடிந்தன. பிறகு வீடு. சுவர்க் காலண்டர், தெளிவாக. அதே காலண்டர், கலங்கலாக. கெண்டி தெளிவாக, கெண்டி கலங்கலாக. பாத்திரம் கழுவும் தன் முதுகு. தான் அவ்வளவு கூன் போட்டு நிற்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அடுத்த படத்தில் அந்த முதுகும் பனி மூடிய மாதிரி இருந்தது. அப்பா எப்போது இதையெல்லாம் எடுத்தார்?

கடைசிப் படம் திங்கட்கிழமை, காலை ஒன்பது பதினான்கு. அதில் அப்பா இருந்தார். பேருந்து நிறுத்தத்தின் தகரத் தடுப்புக்கு முன்னால், கேமராவைத் திருப்பி வைத்துக்கொண்டு லென்ஸுக்குள் எட்டிப் பார்க்கிறார். புருவம் நெரிந்து, வாய் கொஞ்சம் திறந்து, உள்ளே யார் என்று கேட்கிற முகம். பார்க்கிற நேரத்தில் விரல் தானாக அழுந்தியிருக்க வேண்டும். ஒவ்வொரு நரைமுடியும் எண்ணுகிற அளவுக்குத் தெளிவு.

"என்னமோ கேக்கற மாதிரி இருக்காரே," என்றான் யசுதாகா, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து.

மியாசாகாவும் வந்து பார்த்தார். நெற்றிச் சுருக்கத்தைக் கணினியில் நீவிவிடலாம், வாயையும் லேசாக மூடிவிடலாம் என்று பணிவாகச் சொன்னார். எதையும் தொட வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றாள் சனாயே. ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

மியாசாகா படத்தோடு போன அரை மணியில் வாசலில் ஒருவர் நின்றார். எழுபது வயதிருக்கும். கறுப்புக் கோட்டுக்குள் பாக்கெட் நிறைய வைத்துத் தைத்த மீன்பிடிக்காரர் சட்டை. பெயர் அருகா, ரயில் பாலத்து ஆள் என்று அறிமுகம் செய்துகொண்டார். அப்பாவோடு எட்டு வருடம் அந்தப் பாலத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றவராம். வீடு எங்கே என்று இன்றுவரை தெரியாது, தொலைபேசி எண் கேட்டதில்லை. பாலத்தில் நிற்பவர்கள் அதையெல்லாம் கேட்டுக்கொள்வதில்லை. காலைப் பத்திரிகையில் மரண அறிவிப்பைப் பார்த்து, கொமியாமா என்ற பெயரையும் வயதையும் வைத்துக் கண்டுபிடித்து வந்திருக்கிறார்.

ஊதுபத்தி ஏற்றிக் கைகூப்பியவர், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்து திரும்பியபோது தாழ்மேசையின் மேலிருந்த கேமராவைப் பார்த்துவிட்டார். அவரிடமும் அதே கேமராதான்.

"இதுக்கும் புது அப்டேட் போட்டாச்சா?" என்று கேட்டார்.

"எந்த அப்டேட்?" என்றாள் சனாயே.

"இல்ல, மே மாசம் என்னைக் கேட்டார். அருகா, உங்க கேமரா மாறிடுச்சான்னு. நான் இல்லன்னு சொன்னேன். நான் அப்ப போடல. ரெண்டு வாரம் முன்னாடிதான் போட்டேன். போட்டதும் எனக்கும் மண்ட காஞ்சு போச்சு."

அவர் கேமராவைக் கையில் எடுத்து, பின்பக்கம் கட்டைவிரல் படுகிற சின்னப் பொத்தானைக் காட்டினார். "முன்னாடி இத அழுத்திப் புடிச்சா ஃபோகஸ் ரயில் பின்னாடியே ஓடும். விட்டா நிக்கும். இப்ப ஒரு தடவ அழுத்தினா ஆரம்பிக்கும், விட்டாலும் ஓடும். மறுபடி அழுத்தினாத்தான் நிக்கும். பழைய கைக்கு என்ன ஆகும்? முதல் ரயில் நல்லா வரும். அடுத்த ரயிலுக்கு அழுத்தறோம் பாருங்க, அப்ப நின்னுடும். கலங்கிடும்."

"ஒண்ணு விட்டு ஒண்ணு," என்றாள் சனாயே.

"ஆமா. ஒண்ணு விட்டு ஒண்ணு. பழையபடி வெச்சுக்கலாம், மெனுவுல நாலாவது பக்கம். அர நிமிஷ வேல." அருகா கேமராவை இருந்த இடத்திலேயே வைத்தார். "வந்தார்னா சொல்லணும்னு பாலத்துல பாத்துக்கிட்டே இருந்தேன். வரல. கார் பழுதோன்னு நெனச்சேன்."

வாசல்வரை போய்த் திரும்பி, ஆனால் இந்த அப்டேட் தானாக ஏறாதே, செல்போனில் இருந்து யாராவது சம்மதம் கொடுத்தால்தானே, உங்கள் அப்பாவிடம் அந்த மாதிரி போன்கூடக் கிடையாதே என்று தனக்குத்தானே குழம்பிக்கொண்டு போனார்.

சனாயே கேமராவோடு இணைந்த செயலியைத் தன் போனில் திறந்தாள். ஏப்ரல் இருபத்தொன்பது, பிற்பகல் ஒன்று நாற்பது, புதுப்பிப்பு முடிந்தது. அப்பாவின் பிறந்தநாள். ஏரிக்கரை விலாங்குமீன் கடை. சாப்பாட்டுப் படங்களைத் தன் போனுக்கு இழுத்துக்கொள்ளும்போது, புதிய பதிப்பு தயார், இப்போது நிறுவலாமா என்று கேட்டது. பத்து நிமிடம் அணைக்காதீர்கள் என்றது. மீன் வர இன்னும் நேரமிருந்தது. எந்த விண்ணப்பத்தையும் மேசையில் தேங்கவிடாத அலுவலகக்காரி அவள். ஆம் என்று தொட்டாள். தொட்டதையே மறந்துபோனாள்.

அந்தப் பத்து நிமிடமும் அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். எதையோ நல்லதுதான் செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டு.

"யார்தான் போட்டது?" என்றான் யசுதாகா.

"நான்தான்."

அவன் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறிப்போன தேநீரைக் குடித்தான்.

அவள் கேமரா பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தாள். தெளிந்த படத்துக்கு வட்டம், கலங்கியதற்குப் பெருக்கல், மறுபடி வட்டம், பெருக்கல். ஒரு வரிசைகூடத் தப்பவில்லை. அப்பா கிறுக்கவில்லை, கணக்காகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். இதைத்தான் அவள் டாக்டர் முன்னால் விரித்துக் காட்டினாள். குறிகள் முடிகிற பக்கத்தில், பென்சிலில் ஒரு வரி: 'மாறியது கேமராவா, கையா?' அதற்குக் கீழே, மருத்துவமனைக்குப் போய்வந்த நாளின் தேதி போட்டு, ஒரே சொல்: 'கைதான்.'

அவளால் எதையும் எதோடும் சேர்க்க முடியவில்லை. இருபத்துமூன்று மதிப்பெண் இருபத்துமூன்றுதானே? கிழமையை மாற்றிச் சொன்னது நிஜம்தானே? கார் இருந்திருந்தாலும் அதே திங்கட்கிழமை அதே நெஞ்சு நின்றிருக்காதா? கேள்விகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. அழுகையாவது வந்து தொலைக்கும் என்று பார்த்தாள், அதுவும் வழிதெரியாமல் எங்கேயோ நின்றுவிட்டது. பிறகு எழுந்து, கடைக்குப் போய்வருகிறேன் என்று மட்டும் தம்பியிடம் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தாள்.

மூன்று மணிக்கு அப்பாவைப் பெட்டியில் வைத்தார்கள். பாட்டாளி மாதிரிக் காய்த்த விரல்களைக் கோத்து நெஞ்சில் வைத்தார் மியாசாகா. அவருக்குப் பிடித்த பொருள்கள் இருந்தால் கூட வைக்கலாம் என்றார். யசுதாகா கேமராவை எடுத்துவந்தான். மியாசாகா தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். பேட்டரி வெடிக்கும், லென்ஸ் உருகி எலும்பில் ஒட்டிக்கொள்ளும், தகன மேடையில் அனுமதிக்க மாட்டார்கள். யசுதாகா, அப்படியானால் மூக்குக்கண்ணாடியாவது, என்றான். அதுவும் கூடாதாம், கண்ணாடியும் கம்பியும் எரியாது. துணியும் காகிதமும் தடையில்லை.

அவன் பழைய ரயில் அட்டவணையை வைத்தான். சனாயே உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"கடிதமா?" என்று மெதுவாகக் கேட்டார் மியாசாகா. "குடும்பத்துல நிறையப் பேரு வைப்பாங்க."

"ஆமா," என்றாள்.

அது கேமரா கம்பெனியின் இணையப் பக்கம். அந்த அப்டேட்டில் செய்த மாற்றங்களின் பட்டியல். அதில் மூன்றாவது வரி, கட்டைவிரல் பொத்தானைப் பற்றியது. சனாயே அந்த வரி மேலே வரும்படி தாளை மடித்து, அப்பாவின் வலது கைக்குக் கீழே செருகினாள். மடித்தும் அது பெட்டியின் பாதி அகலத்துக்கு நீண்டது. கடையின் நகல் இயந்திரத்தில் இருக்கிறதிலேயே பெரிய தாளை எடுத்து, எழுத்து போதாமல் மறுபடி மறுபடி பெரிதாக்கி எடுத்திருந்தாள். கண்ணாடி இல்லாமல் அப்பாவுக்குச் சின்ன எழுத்து தெரியாது.