இரண்டு குழி, ஒரே குவியல்

மைக்கா என்னும் அபிரகத் தகடுகளைத் தரம் பிரிக்கும் அந்தக் கொட்டகையில் இருபது வருஷமாக ஒரே பழக்கம்தான். எந்தச் சுரங்கக் குழியிலிருந்து மூட்டை வந்தாலும் தரையில் கொட்டி, உள்ளங்கை அளவு ஒரு பக்கம், விரல் அளவு ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம் என்று பிரிப்பார்கள். எந்தக் குழி என்று யாரும் கேட்டதில்லை.

இப்போது கேட்டார்கள். சரக்கு வாங்கும் பல நாட்டுக் கம்பெனிகள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன. பிள்ளைகளை இறக்காத, அனுமதி பெற்ற குழியின் சரக்குதான் வேண்டும். ஒவ்வொரு மூட்டையிலும் குழி எண் இருக்க வேண்டும். தவறினால் அவர்கள் சரக்கு வாங்கும் பட்டியலிலிருந்து கொட்டகையின் பெயர் போய்விடும். மேஸ்திரி அக்காவுக்கு அதில் முழுச் சம்மதம். அவள் தம்பி பத்து வயதில் குழிக்குள் இறங்கியவன். மேலே வரவே இல்லை. ஒரு மாதமாக அவளே சீட்டு எழுதி, அவளே மூட்டையில் கட்டினாள்.

பரிசோதனைக்கு ஆள் வரும் நாளன்று பார்த்து, அங்கேயே வேலை பார்க்கும் அவள் நாத்தனார் ஏழாம் குழி மூட்டையையும் ஒன்பதாம் குழி மூட்டையையும் ஒன்றாகக் கொட்டி வைத்திருந்தாள்.

"அடிப்பாவி, சீட்டு எங்கே?"

"பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன் அண்ணி. ஒண்ணுகூட கசங்கலை."

அக்காவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. முதலாளி வந்து குவியலைப் பார்த்தார். "ரெண்டும் அனுமதி வாங்கின குழிதானே? பாதிப் பாதியா அள்ளிப் போட்டுச் சீட்டைக் கட்டு. யாருக்குத் தெரியப்போகுது?"

"பொய்ச் சீட்டு கட்ட மாட்டேன் முதலாளி."

பரிசோதகர் அம்மாள் வந்ததும் அக்கா நடந்ததை அப்படியே சொன்னாள். "பிரிச்சும் காட்டறேன்மா. ஏழாம் குழித் தகடு வெளிச்சத்துல செவப்படிக்கும். ஒன்பது பச்சை." ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு தட்டு நிறையப் பிரித்துக் காட்டினாள். பரிசோதகர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து அசந்துபோனார்.

"பிரமாதம்மா. ஆனா இதை எழுத இதுல இடம் இல்லையே." கையிலிருந்த டேப்லெட்டில் 'கலப்பு' என்று அழுத்தினார். ஆறு மாதத்துக்குக் கொட்டகை பட்டியலில் இல்லை. "நீங்க உண்மையைச் சொன்னதைக் குறிப்பா எழுதறேன்."

"அதை யார் படிப்பாங்க?"

பரிசோதகர் வண்டியை நோக்கி நடந்தார். அக்கா விடவில்லை, பின்னாலேயே ஓடினாள்.

"எதிர்க் கொட்டகையில சின்னப் பிள்ளைங்க தோண்டின சரக்கு இருக்கும்மா. ஊருக்கே தெரியும். போய்ப் பாருங்க."

"காலையிலேயே பார்த்தாச்சும்மா. அங்கே எல்லா மூட்டையிலும் சீட்டு சரியா இருக்கு."

வண்டி போய்விட்டது. முதலாளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொட்டகையில் முப்பது பெண்கள் அக்காவின் முகத்தையே பார்த்தார்கள். நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள்.

"நாளைக்கு வேலை உண்டா அண்ணி?"

"அழாதே. கொட்டினது நீ, போய்ச் சொன்னது நான்." அக்கா மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "கிட்ட வாங்க எல்லாரும். இதையும் நானே சொல்லித் தொலைக்கிறேன்."