கட்டம் போடுகிறவளின் இரண்டு நிமிடம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் 'இல்லை'யிலிருந்து. போன வியாழக்கிழமை, பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் மாடியில், ஏழு பேர் கொண்ட வாசகர் வட்டத்தில், ஒரு கேள்விக்கு ஒரு பெண் "இல்ல" என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயில் வைத்தது நான் இல்லை. அவளாகவே சொன்னாள். அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று எழுதுவது மட்டும்தான் என் வேலை.

எழுதுவது என்றால், பேசுவது. பகுதி நேர வேலைக்குப் போகும் பஸ்ஸில் போனை வாயருகே பிடித்துக்கொண்டு பேசுகிறேன், அது எழுத்தாகிறது. வீட்டுக்கு எல்லாமே இப்படித்தான் போகிறது. வட்டத்தில் என்ன பேசினார்கள் என்று அம்மாவுக்கு வாராவாரம் ஓர் அறிக்கை உண்டு. இந்த வாரம் போகவில்லை. அம்மா மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

"என்னடி, உங்க கிளப்புல யாரும் வாயே தொறக்கலையா?"

திறந்தார்கள் அம்மா. அதனால்தான் அறிக்கை கதையாகிவிட்டது.

2

முதல் தொடக்கம்: "அன்று மழை பெய்துகொண்டிருந்தது." [அடித்துவிட்டேன். மழையே இல்லை. இருந்ததாக எழுதினால் அம்மா 'குடை எடுத்துட்டுப் போனியா' என்று கேட்பாள். கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும்.]

இரண்டாம் தொடக்கம்: "தொழில்நுட்பம் கல்வியையும் சமூகத்தையும் தலைகீழாகப் புரட்டிப் போட்டுவிட்ட இக்காலகட்டத்தில்" [இது என் குரல் இல்லை. வட்டத்தில் ஒருவன் இருக்கிறான், வாயைத் திறந்தால் யாரோ சொன்னதைத்தான் சொல்வான். அவனுக்கு மேற்கோள் என்று பெயர் வைத்திருக்கிறோம். இது அவன் குரல்.]

மூன்றாவது: "அவளுக்கு ஓர் அம்மா இருந்தாள்." [இருந்தாளா! வாயில் நல்ல வார்த்தையே வராதா எனக்கு? இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள்.]

சரி, இப்படியே போகட்டும். அவளுக்கு ஓர் அம்மா இருக்கிறாள். பதினொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள். ஒரு வருஷம் வகுப்புக்கு வகுப்பு பெரிய திரை வந்தது. எங்கோ ஒரு வாத்தியார் ஒரே தடவை எடுத்த பாடம் எல்லாத் திரையிலும் ஓடியது. பூகோள டீச்சருக்கு மாலை போட்டு, கைகுலுக்கி, போய் வாருங்கள் என்றார்கள். இப்போது அந்த அம்மா வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படங்களில் கட்டம் போடுகிறாள். ஏதோ ஊர்த் தெருக்களின் படம். காருக்குச் சிவப்புக் கட்டம், சைக்கிளுக்கு மஞ்சள், ஆளுக்குப் பச்சை. தானாக ஓடும் வண்டி எது கார், எது மனுஷன் என்று அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறதாம்.

"முன்னாடி நாப்பது பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்தேன்," என்பாள் அம்மா. "இப்ப ஒரே பிள்ளை. சரியான மக்கு. கம்பத்துக்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் தெரியல."

3

[பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முறைக்கிறார். குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன்.]

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டால் கதை சுருக்கமாக முடியும். ஆனால் இது இல்லாமல் அந்த 'இல்லை'யின் கனம் உங்களுக்குத் தெரியாது.

அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. உடம்பில் கால்வாசியாவது தெரிந்தால்தான் ஆள் என்று கட்டம் போடலாம். ஒரு நாள் அம்மாவுக்கு ஒரு படம் வந்தது. நின்றிருக்கும் பஸ், அதன் பின்பக்கத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கை. அவ்வளவுதான் தெரிந்தது. அம்மா பச்சைக் கட்டம் போட்டாள். தவறு என்று திரும்பி வந்தது. மறுபடி போட்டாள். மேற்பார்வையாளன் செய்தி அனுப்பினான். அம்மா பதில் எழுதினாள்: "கை இருந்தா பின்னாடி குழந்தை இருக்கும். அடுத்த நொடி அது ஓடி வரும். வண்டி நிக்கணுமா வேண்டாமா?" மதிப்பெண் குறைத்தார்கள். மூன்றாம் தடவையும் போட்டாள்.

இதை அம்மா போனில் சொன்னபோது அவள், அந்தப் பெண், வயிறு வலிக்கச் சிரித்தாள். "ஏம்மா, ஒரு கைக்காக உனக்கு ஏன் இந்த வம்பு?"

"பரிட்சைத்தாள்ல பாதி விடை எழுதியிருந்தாலும் மார்க் போட்டவடி நான்."

4

இனி வட்டம். ஒரு புத்தகம் முடிந்தால் அங்கே ஒரு வழக்கம். புத்தகத்தில் வருகிறவர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்குவார்கள். யார் சீட்டு வருகிறதோ அவராகவே மாறி இரண்டு நிமிடம் பேச வேண்டும். அன்றைய புத்தகம் பள்ளிக்கூடங்களையும் இயந்திரங்களையும் பற்றியது. மந்திரி ஒருத்திக்கு வந்தார். கம்பெனி முதலாளி, பின்னால் 'இல்ல' சொல்லப்போகிற அவளுக்கு வந்தான். நன்றாகவே மிரட்டினாள். மேற்கோள் எடுத்த சீட்டில் 'படத்தில் கட்டம் போடுகிறவள்' என்றிருந்தது. நானூறு பக்கப் புத்தகத்தில் அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பத்தி.

மேற்கோள் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

"நான் படிக்காதவ. எதுக்கு இந்தக் கட்டம்னு எனக்குத் தெரியாது. காட்டுறாங்க, போடுறேன். என் கை ஓடுது, என் மூளை தூங்குது."

கைதட்டல். "டேய், அழ வச்சிட்டியே!" என்றாள் மந்திரியாக இருந்தவள்.

முதலாளியாக இருந்த அவளும் கைதட்டினாள். [இதை மட்டும் மறைத்துவிடலாம் என்றிருந்தேன்.]

வட்டத்தை நடத்தும் பேராசிரியை தட்டவில்லை. "புத்தகத்துல இருக்கறதையேதான் நீ திருப்பிச் சொன்னே. நெசமா இந்த வேலை பாக்குற யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?" ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "உனக்கு?"

"இல்ல மேடம்."*

* ஏன் சொன்னாள்? வட்டத்துக்கு வந்த முதல் நாள் அறிமுகத்தில் "எங்கம்மா டீச்சர்" என்று சொல்லியிருந்தாள். பொய் என்று சொல்ல முடியாது, காலம்தான் தப்பு. ஆனால் அது முழுக்காரணம் இல்லை. ஆமாம் என்றிருந்தால் அந்த ஆறு முகங்களும் ஒரே சமயத்தில் இளகியிருக்கும். அந்த இளகலை அம்மாவின் மேல் யாரும் கொட்டுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. [நல்ல காரணம்தான். ஆனால் இது இரண்டு நாள் கழித்து பஸ்ஸில் தோன்றியது. அன்றைக்கு அவளுக்கு இருந்தது வெறும் வெட்கம்.]

5

இதுவரை எழுதியதை அக்காவுக்கு அனுப்பினேன். அம்மாவோடு இருப்பவள் அவள்தான். உடனே கூப்பிட்டாள்.

"யாருடி இந்த 'அவள்'?"

"ஒரு கதாபாத்திரம்."

"ஓ. அந்தப் பாத்திரத்துக்கும் நம்மம்மாதான் அம்மாவா?"

"அக்கா, ப்ளீஸ். அம்மாவுக்குக் காட்டிடாத. முடிவு இன்னும் வரல."

"பதினோரு வருஷம் பேப்பர் திருத்தினவ. முதல் பக்கத்துலயே புடிச்சிருவா, யார் யாரைப் பாத்து எழுதியிருக்கான்னு."

"கோவப்படுவாளா?"

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பின்னால் அம்மாவின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"கோவப்பட மாட்டா. 'பரவாயில்லடி, சொல்லியிருந்தா உனக்குத்தானே சங்கடம்'னு சொல்லிட்டு அடுத்த படத்துக்குக் கட்டம் போடப் போயிடுவா. உனக்குப் பயமே அதுதான். என்னை ஏமாத்தாத."

6

முடிவுகள்.

ஒன்று: அவள் நாற்காலியைப் பின்னே தள்ளி எழுந்து நிற்கிறாள். "தெரியும் மேடம். எங்கம்மா. அவங்க மூளை தூங்கல" என்கிறாள். பஸ்ஸுக்குப் பின்னாலிருந்த கையைப் பற்றிச் சொல்கிறாள். மேற்கோள் நோட்டை எடுத்து அவள் சொல்வதைக் குறித்துக்கொள்கிறான். [நடக்கவே இல்லை. ஆனால் இதைப் பேசிப் பதிந்தபோது இரண்டு நிறுத்தம் வரைக்கும் நானே நம்பினேன்.]

இரண்டு: அம்மாவுக்கு வழக்கமான அறிக்கை போகிறது. மேற்கோள் அழ வைத்தான், நான் முதலாளியாக நடித்தேன், நல்ல கூத்து. அம்மா சிரிக்கிறாள். [பாதி பதிந்துவிட்டேன். பிறகு அவள் சிரிப்பது காதில் கேட்டது. அழித்துவிட்டேன்.]

மூன்று: இன்று காலை, பஸ் ஏறுவதற்கு முன், அவள் பேராசிரியைக்கு ஒரு வரி அனுப்பினாள். 'நான் இல்லைன்னு சொன்னது பொய் மேடம். ஒருத்தங்களைத் தெரியும். வந்து பேசுவாங்களான்னு கேட்டுப் பாக்குறேன்.' பதில் வந்தது: 'வியாழன் நாலு மணி. திரையில வந்தாப் போதும். அந்தச் சீட்டை அவங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். ரெண்டு நிமிஷக் கணக்கெல்லாம் இல்ல.'

இதுவரை நிஜம். இதற்குப் பிறகு என்னிடம் கதை இல்லை.

7

வாசிக்கிறவர்களே, கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள். இது அம்மாவுக்கு.

அம்மா, அந்த அறையில் உன்னைப் போல நடித்து ஒருத்தன் பேசினான், நான் கைதட்டினேன். உன்னைத் தெரியுமா என்று கேட்டார்கள், இல்லை என்றேன். அக்கா சொன்னது சரிதான், இதற்கு 'அவள்' என்று ஒரு ஆளை வேறு கூட்டிக்கொண்டு வந்தேன்.

வியாழக்கிழமை வருகிறாயா? வந்தால், மேற்கோள் சொன்னதை மட்டுமில்லை, மூன்றாம் பகுதியில் நான் எழுதியிருப்பதையும் அடித்துவிட்டுப் பேசு. என்னிடமும் தப்பு இருக்கும். வரமாட்டேன் என்றால் அதையும் எழுது. வெட்கமாக இருக்கிறது, கோபமாக இருக்கிறது, இவளையா படிக்க அனுப்பினேன், எது தோன்றினாலும் இதற்குக் கீழே எழுது. நிறைய இடம் விட்டிருக்கிறேன்.

'பரவாயில்லடி' என்று மட்டும் எழுதாதே.