அண்ணனின் வேகம்

எங்கள் ஆல்பத்தை மறுபடியும் வெளியிடப் போகிறார்கள் என்று போன் வந்தபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கேட்ட பிறகும் மடித்துக்கொண்டேதான் இருந்தேன். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஆயிரம் கேசட் போட்டோம். அதில் அறுநூறு எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்து பூசணம் பிடித்தது. இப்போது அதற்கு ரசிகர்கள் இருக்கிறார்களாம், உயிரையே விடுகிறார்களாம். அன்றைக்கு இந்தப் புண்ணியவான்கள் எல்லாம் எங்கே போய்த் தொலைந்திருந்தார்கள் என்று எரிச்சலாக வந்தது.

குழுவில் நாங்கள் மூன்று பேர். அண்ணன் பாட்டும் கிடாரும். 'ஸ்விட்ச்' என்று நாங்கள் கூப்பிட்ட சிநேகிதன் பேஸ் கிடார். நான் தகரம். டிரம்ஸ் வாங்க வக்கில்லாததால் தகடு, எண்ணெய் டின், இரும்புக் குழாய் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அடித்தேன். நாலாவது ஆள் ஒரு பவர் பிரஸ். தகட்டை வைத்தால் மேலிருந்து இறங்கி, ஒரே அடியில் டப்பா மூடியாக வெட்டித் தள்ளும் இயந்திரம். நானும் அண்ணனும் வேலை பார்த்த பட்டறையில், ஒரு விடுமுறை நாளில், முதலாளியின் கையைக் காலைப் பிடித்து அதைச் சும்மா ஓடவிட்டு வாசித்தோம். ஆல்பத்தின் பெயர்கூட அதன்மேல் எழுதியிருந்த எச்சரிக்கைதான்: 'கைகளை விலக்கவும்'.

கேசட் வந்த மூன்றாம் மாதம் அண்ணன் காய்ச்சலில் போய்விட்டான். நாலே நாள். அவன் மகளுக்கு அப்போது பத்து மாதம்.

அந்தப் பத்து மாதக் குழந்தைதான் இருபத்தாறு வயதுப் பெண்ணாக ஸ்டூடியோ சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அண்ணனுக்குப் பதில் அவள்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனிக்காரர்களிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அவர் பேசுற குரலை நான் ஒரு தடவ கேக்கணும். கத்துற குரல் இல்ல. பேசுற குரல்."

'அவர்' என்றுதான் சொல்வாள். போட்டோவில் இருக்கும் ஆளை வேறு எப்படிச் சொல்வது? அவளிடம் இருந்ததெல்லாம் நாலு போட்டோவும் இந்தக் கேசட்டும்தான். கேசட்டில் அண்ணன் தகரத்தைக் கிழித்தாற்போலக் கத்துவான். அதைக் கேட்டு எந்தப் பிள்ளை அப்பாவைத் தெரிந்துகொள்ள முடியும்?

அந்த அறையில் ஜன்னல் இல்லை. சுவர் முழுக்க மெத்தை மாதிரி தைத்திருந்தார்கள். பேசினால் சொல் வாயைவிட்டு இரண்டடி போய் அங்கேயே படுத்துக்கொண்டது. வெளியே மத்தியானம் என்பதே மறந்துபோய், கண் திறந்தபடியே தூங்குவது போலிருந்தது எனக்கு.

"பதிவு பண்ணின மெஷின் மெதுவா ஓடியிருக்கு" என்றார் சவுண்ட் இன்ஜினியர். மெல்லிய குரல்காரர். "அதனால ஒழுங்கான மெஷின்ல போட்டா எல்லாமே வேகமா, கீச்சுனு வருது. கேசட்டும் அப்படியேதான் வந்திருக்கு."

அண்ணனின் கோபம், அண்ணனின் வெறி என்று ரசிகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதெல்லாம் மெஷினின் கோளாறா! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எவ்ளோ மெதுவா ஓடுச்சுன்னு தெரிஞ்சா சரி பண்ணிடலாம். கரண்டோட ரீங்காரம் எப்பவும் ஒரே சுருதிதான், அது டேப்ல விழுந்திருந்தா அதை வெச்சே கணக்குப் போட்டிருப்பேன். ஆனா யாரோ அதைச் சுத்தமா வடிகட்டி எடுத்திருக்காங்க."

யாரோ என்ன யாரோ, ஸ்விட்ச்தான். பிரஸ்ஸும் தகரமும் காதைப் பிளக்கிற ஆல்பத்தில் லேசாக ஒரு ரீங்காரம் கேட்கிறதே, கேட்பவர்களுக்குத் தொந்தரவாயிற்றே என்று இரண்டு நாள் உட்கார்ந்து அதை எடுத்தான் அந்த மகராசன்.

"கீபோர்டு ஏதாவது வாசிச்சிருந்தாலும் சுருதியை வெச்சுப் பிடிச்சிருக்கலாம். கிடாரை நம்ப முடியாது, அவர் இஷ்டத்துக்கு முறுக்கியிருக்காரு. இனிமே நீங்கதான் மேடம். நான் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறேன். உங்க அண்ணன் குரல் வந்ததும் சொல்லுங்க."

கடைசிப் பாட்டு முடிந்த பிறகும் டேப் ஓடியிருக்கிறது. கேசட்டில் வராத பகுதி அது. முதலில் பழைய வேகத்திலேயே போட்டார். அணில் கத்துகிறாற்போல ஒரு குரல் வந்தது.

"அந்த ஒயரைச் சுத்தி வெச்சிடு, யாராவது மிதிச்சிடப் போறாங்க. பாப்பாவுக்கு வெந்நீர் வைக்கணும்."

பாப்பா என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணன் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். என்னைத்தான் பார்த்தாள், ஸ்பீக்கரை அல்ல.

இன்ஜினியர் குமிழைத் திருகினார். அதே வார்த்தைகள் கொஞ்சம் கனத்து வந்தன. மறுபடி திருகினார். குரல் ஒவ்வொரு படியாகத் தண்ணீருக்குள் இறங்கியது, நானும் கூடவே இறங்கினேன். கண்ணை மூடினால் அண்ணன் நன்றாகத் தெரிந்தான். சட்டையில் எண்ணெய்க் கறை, ஒரு பக்கம் தாழ்ந்த தோள், பீடி வேண்டாமென்று விட்டு அடிக்கடி தடவிப் பார்க்கும் வெறும் பாக்கெட். ஆனால் அவன் வாயைத் திறந்ததும் கேசட்தான் ஓடியது. வேறு குரலே என்னிடம் இல்லை. கூடப் பிறந்தவன், இருபத்தெட்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் என்னைத் திட்டியவன், அவன் குரலை நான் தொலைத்துவிட்டிருந்தேன்.

அவளிடம் எந்த வாயால் சொல்வது? ஓரிடத்தில் குரல் கொஞ்சம் மனுஷத்தனமாக வந்தது. அவள் உதடு துடித்தது.

"இதுதான்" என்றேன். "இதேதான்."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். பொய்யும் சொல்லிவிட்டுத் தடவிக்கொடுக்கவும் செய்கிற அத்தை நான். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகக்கூட என்னை நம்பவைத்துக்கொண்டேன்.

"அப்ப இதே வேகத்துல முழு டேப்பையும் எடுத்துடுறேன்" என்று இன்ஜினியர் ஆரம்பத்துக்குப் போனார். முதல் பாட்டுக்கு முன்னால் ஒரு நிமிஷம் பிரஸ் மட்டும் தனியாக ஓடும். டம். டம். டம். சோபாவில் சாய்ந்து அதைக் கேட்டுக்கொண்டே மிதந்துகொண்டிருந்தேன். மடியில் இருந்த என் வலது கை முன்னால் போயிற்று, பின்னால் வந்தது. மறுபடி முன்னால் போயிற்று. அது திரும்பி வருவதற்குள் அடி விழுந்துவிட்டது. அடுத்ததிலும் அப்படியே. சுரீரென்று கையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன்.

ஒன்பது வருஷம் அந்தப் பிரஸ்ஸுக்குத் தகடு வைத்தவள் நான். வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், அடி விழும். தாளம் தப்பியவர்கள் விரலைக் கொடுத்தார்கள். எனக்குப் பத்தும் பத்திரமாக இருக்கின்றன. இந்த வேகத்தில் ஓடியிருந்தால் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

"நிறுத்துங்க" என்றேன். "இது தப்பு. இன்னும் மெதுவா வரணும்."

"நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

"பொய் சொன்னேன்." அவள் பக்கம் திரும்பினேன். "அவன் குரல் எனக்கு ஞாபகம் இல்லடி. எவ்ளோ யோசிச்சும் வரல. உன் உதடு துடிச்சதும் இதுதான்னு சொல்லிட்டேன்."

அவள் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நான் யாருக்கு அத்தை அழுதேன்?"

தலையைக் குனிந்துகொண்டேன். இன்ஜினியர் தன் நகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"சரி" என்றாள் கடைசியில், மூக்கை உறிஞ்சியபடி. "கைக்காவது ஞாபகம் இருக்கா?"

மேசை முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். டேப்பைப் போட வேண்டாம் என்று சொன்னேன். கண்ணை மூடி, இல்லாத தகட்டை எடுத்து இல்லாத பிரஸ்ஸில் வைத்தேன், கையை எடுத்தேன். பத்து, இருபது தடவை தடுமாற்றமாக இருந்தது. அப்புறம் மெத்தைச் சுவரெல்லாம் காணாமல் போயிற்று. கூரை ஓட்டை வழியாக வெயில் விழுந்தது, இரும்புத்தூள் அதில் மிதந்தது. நான் எதையும் செய்யவில்லை, கை தானாகப் போய்த் தானாக வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. இன்ஜினியர் தோளைத் தொட்டார்.

"மூணு நிமிஷம் எண்ணிட்டேன். மூணுலயும் நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு."

அவர் சொன்ன பிறகுதான் இயந்திரத்தின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்த அந்த எண்ணும் நினைவுக்கு வந்தது. முப்பத்தெட்டேதான். அவர் டேப்பை ஓடவிட்டுக் குமிழைத் திருகிக்கொண்டே போனார், நான் கையை நிறுத்தவில்லை. டேப்பில் பிரஸ் என் கையோடு சேர்ந்து விழுந்ததும் நிறுத்தி, கடைசிப் பகுதிக்குப் போனார்.

"அந்த ஒயரைச் சுத்தி வெச்சிடு" என்றது ஒரு குரல்.

எவ்வளவு நிதானம்! கோபம் துளிகூட இல்லை. சாப்பிட்ட பிறகு சாய்ந்துகொண்டு பேசுகிற ஆளின் குரல். யாரையும் அவசரப்படுத்தாத, கொஞ்சம் தூக்கம் கலந்த குரல்.

"இப்ப ஞாபகம் வருதா அத்தை?"

"இல்ல" என்றேன். இந்தத் தடவை உண்மையை. "நானும் இன்னைக்குத்தான் கேக்குறேன்."

அவள் நகர்ந்து என் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். இதுவரை நாங்கள் வெந்நீரோடு நிறுத்தித் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தோம். இப்போது இன்ஜினியர் நிறுத்தவில்லை, டேப் போகிற வரை போகட்டும் என்று விட்டுவிட்டார். பெட்டி மூடுகிற சத்தம். செருப்பு மாட்டுகிற சத்தம். கதவுப் பக்கம் போய் அங்கிருந்து திரும்பி, அண்ணன் நிதானமாகச் சொன்னான்:

"அப்ப நான் போயிட்டு வரேன்."

"சரிப்பா" என்றாள் என் பக்கத்தில் இருந்தவள்.

சொன்னது தான்தான் என்று அவளுக்கே ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. டேப்பில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. இன்ஜினியர் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். நான் வாய்விட்டு அழுதேன்.