குசினி இல்லாத படம்

லூசியன் பிரெஞ்சு ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு 1986-ல் புதுச்சேரிக்குத் திரும்பியபோது, பெரிய மரப்பெட்டி ஒன்றையும் கப்பலில் ஏற்றி வந்தார். உள்ளே ஓர் இயந்திரம். வெயில் காலத்தில் வீட்டைக் குளிர்விக்கும், பனிக்காலத்தில் சூடாக்கும் என்றார். "இங்க பனிக்காலம் எப்ப வரும்?" என்று மனைவி அஞ்செல் கேட்டாள். அந்தக் கேள்வி இருபது வருடமாக அவருடைய பரிசீலனையில் இருந்தது.

2006 மே மாதம் இயந்திரமே அதற்கு ஒரு முடிவு கட்டியது. உள்ளே ஏதோ வால்வு சிக்கிக்கொள்ள, அக்னி நட்சத்திரத்தின் மூன்றாம் நாள் மத்தியானம் அது தன் வாழ்நாளில் முதல்முறையாக வீட்டைச் சூடாக்கியது. மிக நன்றாகவே சூடாக்கியது. "தானா சரியாயிடும்" என்று லூசியன் பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். மெக்கானிக்கைக் கூப்பிட, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஒரு பழைய சொல்தாவுக்கு நான்கு நாள் பிடித்தது.

லாஸ்பேட்டையிலிருந்து வந்த தணிகாசலம் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மரியாதையாக மறுபடி மூடினார்.

"இதுக்கு பார்ட்ஸ் கெடைக்காது முசே. ஜோன் சிஸ்டம் போட்டுடலாம். வெளில ஒரே மெஷின். ரூமுக்கு ரூம் தனி தெர்மோஸ்டாட். நீங்க ஆஃப் பண்ற ரூமுக்குக் காத்து போவாது, குழாய்க்குள்ளயே ஒரு கதவு தானா மூடிக்கும்."

ஜோன் என்ற வார்த்தை லூசியனுக்குப் பிடித்துவிட்டது. போருக்குப் போகிறவர் மாதிரி ஸ்கேல், சிவப்பு பென்சில் சகிதம் உட்கார்ந்து வீட்டைப் படமாக வரைந்தார். முதல் ஜோன், சாலோன் என்கிற முன்கூடம். இரண்டாவது படுக்கையறை. மூன்றாவது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பதினைந்து நாள் வந்து போகிற மகள் ஏஸ்தெலின் அறை. நான்காவது அவருடைய பூரோ என்கிற ஆபீஸ் அறை. அலுவலக வேலை எதுவும் இல்லாத அவர், காலை பத்து மணி முதல் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிற இடம் அது.

காபி கொண்டுவந்த அஞ்செல் எட்டிப் பார்த்தாள்.

"குசினி எங்க?"

"குசினிக்கு எதுக்கு ஏசி? அங்க யாரு இருக்கா?"

தினமும் ஆறு மணி நேரம் அந்தச் சமையலறையில் நிற்கிறவளிடமே இதைக் கேட்டார். அஞ்செல் காபி டம்ளரை மட்டும் படத்தின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஒன்பது நாள் கூரையைத் துளைத்தார்கள். வேலை முடிந்ததும் லூசியன் அறை அறையாக நடந்து, காவல் மேற்பார்வை செய்கிறவர் போல ஒவ்வொரு தெர்மோஸ்டாட்டையும் பார்த்துத் தலையசைத்தார். ஏஸ்தெலின் அறையில் பாலிதீன் உறை போட்ட கரடி பொம்மைகூட ஜில்லென்றிருந்தது. வெளி மெஷினுக்கு நல்ல இடம் பார்த்துப் பின்கட்டில், சரியாகக் குசினி ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தார்கள். நான்கு அறையின் சூடும் ஒன்றுசேர்ந்து அஞ்செலின் முகத்தில் அடித்தது.

மறுநாள் காலை அவள் வைத்திக்குப்பத்துக்கு ஆட்டோவில் போய்க் கருவாடு வாங்கி வந்தாள். பிறகு காஸ் அடுப்பையும் சிலிண்டரையும் ஒவ்வொன்றாகச் சாலோனுக்கு நகர்த்தினாள். சலவைக்கல் மேஜைமேல் அடுப்பு உட்கார்ந்தது.

வாசனையில் விழித்த லூசியன் ஓடிவந்தார். "என்ன பண்ற நீ?"

"கொழம்பு வைக்கிறேன்."

"இது சாலோன், அஞ்செல்."

"தெரியுங்க. ஜோன் ஒண்ணு. இருவத்தி நாலு டிகிரி. நல்லா இருக்கு."

புதிய இயந்திரம் பாரபட்சம் பார்க்காதது. சாலோனில் இழுத்த காற்றை நான்கு ஜோனுக்கும் சமமாகப் பங்கிட்டது. படுக்கையறைத் தலையணை, பூரோவின் பென்ஷன் ஃபைல்கள், ஏஸ்தெலின் கரடி எல்லாவற்றிலும் கருவாடு ஏறியது. சாயங்காலம் சீட்டாட வந்த பழைய ராணுவ நண்பர் பிரூனோ, வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தார். தன் வீட்டில் மருமகள் கருவாடு சேர்ப்பதில்லை என்று வருத்தத்தோடு சொன்னவர், சீட்டை மறந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் சீட்டுக்கட்டைக் கொண்டுவரவே இல்லை.

நான்காம் நாள் தணிகாசலம் மறுபடி வரவழைக்கப்பட்டார்.

"குசினிக்குக் குடுக்கலாம் முசே. ஆனா அங்கேருந்து காத்தத் திருப்பி இழுக்கக் கூடாது, எண்ணெப் புகை குழாய்ல ஒட்டிக்கும். புகைக்குத் தனி ஃபேன் வெச்சிடறேன். மெஷின மாடிக்கு ஏத்திடலாம். ஒண்ணுதான், இந்த மெஷின் நாலு ரூமுக்குத்தான் தாங்கும், இருக்கற நாலுல ஒரு ரூம விட்டுக்குடுக்கணும்."

லூசியன் மகளின் அறையைப் பார்த்தார். அஞ்செல் அவரைப் பார்த்தாள். பூரோவைத் தியாகம் செய்வதாக அவரே அறிவித்தார். அது ஆரம்பத்திலிருந்தே தன் யோசனை என்றும் சேர்த்துக்கொண்டார்.

குசினி குளிர்ந்தது. முதல் வாரம் அஞ்செல் வியர்க்காமல் சமைத்தாள். இரண்டாம் வாரம் லூசியன் தன் நாற்காலியோடு அங்கே குடியேறினார். பேப்பர் படித்தார். படித்து முடித்ததும் ரசத்தைப் பற்றிக் கருத்துச் சொன்னார். கத்தரிக்காயை எப்படி நறுக்குவது என்று, வாழ்நாளில் கத்தரிக்காய் நறுக்காத அனுபவத்தோடு விளக்கினார். புளி அதிகம் என்றார், தீ அதிகம் என்றார்.

ஜூன் மாதம் ஒரு காலையில் அஞ்செல் கரண்டியை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே பாத்துக்குங்க."

பூரோவுக்குப் போய் ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்தாள். புழுக்கம்தான். ஆனால் அங்கே ஒரு குரலும் கேட்கவில்லை, கொஞ்ச நேரத்துக்கு.

"அஞ்செல், உப்பு எங்க வெச்சிருக்க?"

"தேடுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.