அலவியாவின் துணிகள் காயும் வரை

1

இந்தக் கதை என் வீட்டுக் கூரை வழியாக வந்தது. உவமை இல்லை. ஜோர்டானின் அம்மான் நகரில் ஒரு ஜனவரி மதியம், மேல்வீட்டுத் தண்ணீர் என் மேசைமேல் சொட்டியது. 'வெளியே பனி மென்மையாகப் பொழிந்துகொண்டி' என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தை முடிக்கும் உத்தேசம் இல்லை.

2

மேல்வீட்டில் அலவியா. செங்கடலோர வெக்கையில் வளர்ந்த போர்ட் சூடான்காரி. மருந்துக்கடையில் வேலை கிடைத்த கணவன் பக்ரியோடு கோடை முடிவில் வந்தவள். (குளிரைப் பற்றி மூன்று பத்தி எழுதி அடித்துவிட்டேன். கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அவள் சமைத்தாள் என்றால் போதும்.)

"ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சுட்டு இரு," என்றான் பக்ரி.

"அது தன்னால கடிச்சுட்டுதான் இருக்கு. போன மாசமும் ரெண்டு மாசம்னுதானே சொன்னீங்க?"

ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தாள். பெட்டியைத் தரையில் விரித்துத் துணிகளை அடுக்கினாள். அன்று குழாய் உறைந்து தண்ணீர் வரவில்லை. திருகிப் பார்த்தவள் மூடாமல் அப்படியே விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். வெயில் ஏறி உறைந்தது இளகியதும் மொட்டைமாடித் தொட்டி மொத்தமும் அவள் வீட்டில் இறங்கியது. பிறகு என் வீட்டில்.*

* வேண்டுமென்றே திறந்துவிட்டாளோ என்று ஒரு நண்பர் கேட்டார். அலவியாவின் முகத்தைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

3

பெட்டி முழுக்க ஈரம். இங்கே ஜனவரியில் துணி காயாது, விறைக்கும். அவள் வீட்டு ஹீட்டரும் நனைந்துபோனதால் எல்லாவற்றையும் என் ஹீட்டரைச் சுற்றித் தொங்கவிட்டோம். மாலையில் பக்ரி வந்து துணிகளைத் திருப்பிப் போட்டான்.

"என்னை அனுப்ப அவ்வளவு அவசரமா?"

"ஈரத்தோட எடுத்துட்டுப் போனா நாறிடும்."

"ஒரு தடவையாவது போகாதேன்னு சொன்னீங்களா?"

பக்ரி கையிலிருந்த துணியைப் பார்த்தான். "எனக்கும் குளிருது அலவியா. தாங்க முடியல. சொன்னா நீ இன்னும் சீக்கிரம் கிளம்பிடுவேன்னு..."

அவன் விரல்கள் வெடித்திருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். இந்த இடத்தில் அவள் அழுவதாக எழுதினேன். அவள் அழவில்லை. "மருந்துக்கடையில வேலை. தடவ ஒரு களிம்பு இல்லையா?" என்று திட்டினாள்.

4

நான் எழுதிய முதல் முடிவில் அவள் போகிறாள். இரண்டாவதில் வாதுமை மரங்கள் பூக்க, இருவரும் பால்கனியில்... வேண்டாம், சகிக்கவில்லை.

விமானத்துக்கு முந்தின மாலை துணிகள் காய்ந்துவிட்டன.

"நான் போறதாவா எழுதியிருக்கீங்க, அக்கா?"

"இன்னும் முடிவு பண்ணல."

"நானும்தான்," என்றபடி, தான் சேலைபோல் சுற்றி உடுத்தும் நீளத் துணி ஒன்றின் முனையைப் பக்ரியிடம் நீட்டினாள். மடிக்க மடிக்க இருவரும் நெருங்கி வந்தார்கள். பிறகு குவியலைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்கள்.

அது பெட்டிக்குள் போனதா, அலமாரிக்குள் போனதா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் எழுந்து சாத்த வேண்டும்.