சிங்களத்தில் சொல்ல வேண்டியது

கரவனெல்ல ஆஸ்பத்திரியின் கிளினிக் வராந்தாவில் வாங்குப் பலகையில் இடமிருந்தும் மருதாயி உட்காரவில்லை. ஷாமிளா கூப்பிட்டுப் பார்த்தாள். மருதாயி தூணில் தோளைச் சாய்த்து நின்றபடி, விரல் இடுக்குகளில் கறுத்துக் காய்ந்திருந்த ரப்பர் பாலை நகத்தால் உரித்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

ஷாமிளா அவளுடைய மூத்த மகள். ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தாள். கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததில், முகத்தைப் பார்க்காமல் பேச்சை மட்டும் கேட்டால் அவளைத் தமிழ்ப் பிள்ளை என்று யாரும் சொல்லமாட்டார்கள். மருதாயிக்குத் தெரிந்தது கடைச் சிங்களம்தான். உப்பு வாங்கலாம், கருவாட்டுக்கு விலை பேசலாம். அதனால்தான் மகளைக் கூட்டி வந்திருந்தாள். வயிற்றுவலி என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

பெயரைக் கூப்பிட்டதும் கதவோரம் போய் எட்டிப் பார்த்தவள், மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பொம்பள டொக்டர் இல்லியா? வா, போயிருவோம்."

"வந்தது வந்துட்டோம், வாங்கம்மா."

டொக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவர் கேட்பதை ஷாமிளா தமிழில் சொன்னாள். மருதாயி தரையைப் பார்த்துப் பதில் சொன்னாள். அடிவயிறு. கொஞ்ச நாளாக. வேலை செய்தால் கூடுகிறது. டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, மெதுவாக இன்னொன்று கேட்டார். ஷாமிளா அதை உடனே சொல்லவில்லை.

"என்னா கேக்குறாரு?"

"கீழ ஏதாச்சும் எறங்குற மாதிரி இருக்கான்னு கேக்குறாரும்மா."

மருதாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"தம்பி பொறந்ததுலருந்து," என்றாள்.

தம்பி நிரோஷன் இப்போது ஐந்தாம் வகுப்பில் படிக்கிறான்.

"ஆளு கொறச்சலா இருக்குன்னு கங்காணி கூப்பிட்டாரு. பச்ச ஒடம்போட போனேன். பால் வாளியத் தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறுறப்ப என்னமோ வழுக்கிக்கிட்டு வந்துச்சு. கொடலுதான் வந்துருச்சுன்னு பயந்துட்டேன். வாளிய வச்சிட்டு, கையால உள்ள தள்ளிட்டு, மறுபடி தூக்கிக்கிட்டுப் போனேன். அன்னிலருந்து துணிய மடிச்சுக் கட்டிக்கிட்டுத்தான் மலைக்கு வேலைக்குப் போறேன்."

"யாருக்கிட்டயும் சொல்லலியாம்மா?"

"இத யாருக்கிட்ட சொல்றது?"

டொக்டர் காத்திருந்தார். ஷாமிளாவின் சிங்களம் விளையாட்டுக்கும் சினிமாப் பாட்டுக்கும் பஸ் நடத்துநரோடு சண்டை போடுவதற்கும் போதுமானது. இதற்கு அதில் சொல் இருக்கவில்லை. தமிழிலும் அவளிடம் இருக்கவில்லை. கையைக் காட்டிக் காட்டிச் சொல்லி முடித்தபோது காது மடல்கள் சுட்டன. தாதி எழுந்து மருதாயியைத் திரைச்சீலைக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

பார்த்து முடித்த டொக்டர், கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது, ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்றார். பிறகு, பாரம் தூக்குகிற வேலையா என்று கேட்டார். ஷாமிளா அதைச் சொன்னாள்.

"இல்லன்னு சொல்லு."

"அம்மா!"

"இல்லன்னு சொல்லு புள்ள. தூக்குறேன்னு சொன்னா தூக்கக்கூடாதுன்னு துண்டு எழுதிக் குடுப்பாரு. அது தோட்டத்துக்குப் போனா நா பால் வெட்டுற மரத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

ஷாமிளா டொக்டரைப் பார்த்தாள். அம்மா இரண்டு வாளிப் பாலைச் சுமந்துகொண்டு மேடேறி, பால் நிறுக்கிற ஸ்டோருக்குப் போகிறாள், ஹெமதாம, என்று சொன்னாள். தினமும் என்ற அந்தச் சொல் மருதாயிக்குத் தெரியும். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தோட்டத்துச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மருதாயி சொன்னாள்: "காட்டிக் குடுத்துட்ட."

மருதாயியின் கணவர் நல்லையா, ஸ்டோரில் ரப்பர் சீட்டுக்குப் புகை போடுகிறவர். வீட்டுக்கு வந்து விஷயத்தைக் கேட்டவர் அடுப்போரம் குந்தினார்.

"ஏங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வாளியத் தூக்கியிருப்பீங்களா?"

"நா என்னான்னு நெனச்சேன்... ஒனக்கு என்னயப் புடிக்கலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

மருதாயி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இவ்வளவு காலமும் அவர் பாயை வாசல் பக்கம் தள்ளிப் போட்டுப் படுத்ததற்கு அதுதான் காரணம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்காமல் அழுதாள்.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. உடம்பு தேறியதும் மருதாயி, பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் எழுதிய துண்டை எடுத்துக்கொண்டு ஷாமிளாவோடு ஆபீசுக்குப் போனாள். கங்காணி இருதயராஜ் அதை ஷாமிளாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கெட்ட மனுஷன் இல்லை.

"பால் வெட்டுல பாரமில்லாத வேல எங்க இருக்கு? மரத்த சூசையம்மாவுக்குக் குடுத்தாச்சு. புல்லு வெட்ட ஆள் தேவப்பட்டா சொல்லி அனுப்புறேன், மருதாயி."

சொல்லி அனுப்பவில்லை. ஆனால் ஒரு சாயந்தரம் சூசையம்மாவே வந்தாள். மரத்தைப் பற்றி ஏதோ சமாதானம் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து ஷாமிளா பாயைப் போட்டாள். அவள் உட்காராமல் ஷாமிளாவை லயத்துக் கோடிப்பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"அடுத்த கிளினிக் எப்ப புள்ள?"

"ஏன் அத்த?"

"எனக்கும் ஒங்கம்மாவுக்கு இருந்ததுதான். நீ வந்து சிங்களத்துல சொல்றியா?"

ஷாமிளா தலையாட்டினாள். போகத் திரும்பிய சூசையம்மா நின்று, அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஆனா, தூக்குறேன்னு மட்டும் சொல்லிப்புடாத."

மறுநாள் பகல், அப்பாவுக்குச் சோறு கொண்டு ஸ்டோருக்குப் போனாள் ஷாமிளா. பால் நிறுக்கும் நேரம். பெண்கள் மேட்டில் ஏறி வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். தங்கம்மா வந்தாள். ஒரு காலை மறுகாலோடு பின்னி நெருக்கி, மூச்சை அடக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து வாளிகளை இறக்கினாள். அடுத்து வந்தவளும் காலைப் பின்னி, மூச்சை அடக்கி, சாய்ந்தாள். அதற்கடுத்து சூசையம்மா. அம்மா வாளியை இறக்குவதும் இப்படித்தான். ஷாமிளா சோற்றுப் பாத்திரத்தோடு அப்படியே நின்றாள்.

வாய்க்கால் ஓரத்தில் இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள் பால் வெட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். மாவு டின்களில் கலங்கல் தண்ணீரை நிரப்பித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஸ்டோர் என்று வைத்திருந்த கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் இருவரும் நின்று, காலோடு காலைப் பின்னி, கன்னம் உப்ப மூச்சை அடக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து டின்களைக் கீழே வைத்தார்கள்.