நோயலீனின் கணினி இன்னும் திறக்கவில்லை

1

இந்தக் கதை பக்கத்து வீட்டு வேலிக்கு மேலாக எனக்கு வந்தது. கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுகிறது, வந்து பார் என்று நோயலீன் கூப்பிட்டார். தென் ஆஸ்திரேலியாவில், வயாலா என்ற எங்கள் ஊர்த் தெருவில் யார் வீட்டில் இணையம் நின்றாலும் என் தலைதான் உருளும். எனக்குத் தெரிந்தது கொஞ்சம், தெரு நம்புவது நிறைய. போய்வந்ததும் எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இது:

‘இரும்பாலைப் புகைக்குக் கீழே, தனிமையில் வாடும் ஒரு பெண்—’

வேண்டாம். படித்தால் நோயலீன் என் காதைத் திருகுவார். தவிர, பொய். அந்த வீட்டில் தனியாக இருப்பவர் அவருடைய கணவர் கிரஹாம்.

2

இடுப்பில் அறுவை சிகிச்சை நடக்கும்வரை நோயலீன் கிளப்புக்குப் போய் போக்கி ஆடுவார். காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் படங்கள் சுழலும் சூதாட்டப் பெட்டிக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். நடமாட்டம் குறைந்ததும் அதே ஆட்டத்தை வீட்டுக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டார். [இங்கே மருத்துவமனை பற்றி ஒரு பத்தி இருந்தது. பரிதாபத்துக்குக் கையேந்தும் பத்தி. எடுத்துவிட்டேன்.]

நான் போனபோது திரையில் அந்த ஆட்டத்தின் டால்பின் படங்கள் பாதிச் சுழற்சியில் நின்றன. நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. இணைய வேகம் பார்த்தேன், குறையில்லை. ஹார்ட் டிஸ்க்கில் இடமும் இருந்தது. கடைசியாக எப்போது அணைத்துப் போட்டீர்கள் என்று கேட்டேன். அணைத்ததே இல்லை என்றார், பெருமையாக. குளிர்காலத்திலிருந்து ஒரே ஓட்டம். நினைவகம் மூச்சுத் திணறிக் கிடந்தது.

திரையின் ஓரத்தில் பியர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டை ஒன்றைச் செருகியிருந்தார்.*

“இத்தன மாசமா ஊட்டி வளத்திருக்கேன் கண்ணு. இப்பப் போயி அணைச்சா, கொட்டப் போற காச வேற எவளாச்சும் அள்ளிட்டுப் போயிருவா.”

ஒவ்வொரு அழுத்தலும் புதுசு, முந்தினது அதற்கு ஞாபகமே இருக்காது என்று எடுத்துச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. கிளப் வாசலை மிதிக்காதவனுக்கு என்ன தெரியும் என்றார்.

* கிளப்பில் கழிப்பறைக்குப் போகிறவர்கள், தங்கள் பெட்டியில் வேறு யாரும் உட்கார்ந்துவிடாமல் இருக்க இப்படித்தான் அட்டை வைத்துவிட்டுப் போவார்கள். வீட்டில் அந்தப் பெட்டிக்குப் போட்டியாக யாருமில்லை. நோயலீனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

3

கிரஹாமை நான் நம்பவில்லை. கதாபாத்திரமாகச் சொல்கிறேன். இவ்வளவு நல்ல மனுஷன் கதைக்கு ஆகாது என்று முதல் வரைவில் குடிகாரராக்கினேன், அடுத்ததில் கஞ்சராக்கினேன். இரண்டிலும் அவர் அடுப்படியில் ஆட்டு விலா வறுத்துக்கொண்டுதான் நின்றார். அவரை அசைக்க என்னால் முடியவில்லை.

கேஸ் சிலிண்டரைப் பார்க்க வா என்று என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். சிலிண்டரில் ஒரு கோளாறும் இல்லை.

“சரி பண்ணிராத தம்பி,” என்றார். “அது நின்னாத்தான் அவ எந்திரிச்சு வரா. போன ஞாயித்துக்கெழம ரொம்ப நேரம் சுத்திக்கிட்டுக் கெடந்துச்சு. சாப்பாட்டு மேசைக்கு வந்தா. என் சட்டையப் பாத்து, இது எப்ப வாங்குனதுன்னு கேட்டா. நாலு வருஷமாப் போட்டுக்கிட்டிருக்கேன்.”

[இங்கே ஒரு அருமையான பதில் எழுதியிருந்தேன். நான் சொல்லாத பதில்.] தக்காளிச் செடி நன்றாக வந்திருக்கிறது என்றேன்.

4

முடிவு ஒன்று. இது தேறாது என்று நோயலீனிடம் பொய் சொல்கிறேன். அவர் நடக்க உதவும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கிளப்புக்குக் கிளம்புகிறார். கிரஹாமுக்கு அந்தச் சுற்றும் வட்டம்கூட மிஞ்சவில்லை.

முடிவு இரண்டு. கிரஹாம் ஏங்குகிறார் என்று போட்டு உடைக்கிறேன். நோயலீன் கண்கலங்கி, கணவரின் கையைப் பற்றி— இதை முடிக்கக் கை கூசுகிறது. அவர் அழுவார், அது உண்மை. கிரஹாம்மேல் அவருக்குப் பிரியம் உண்டு, அதுவும் உண்மை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்போது ரெடியாகும் என்றும் கேட்பார்.

முடிவு மூன்று. நான் தொடவே இல்லை. அதுவும் வேலைக்கு ஆகாது. கடை விளம்பரத்தில் ஒரு புதுக் கம்ப்யூட்டரை நோயலீன் ஏற்கெனவே வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

எப்படித் திருப்பினாலும் கிரஹாம் தோற்கிறார். ஒரு கிழவருக்கு மனைவியோடு ஒருவேளைச் சாப்பாட்டை வாங்கித்தர வக்கில்லாத எழுத்து என்ன எழுத்து?

5

இனி நடந்தது. காலையிலிருந்து டால்பின்கள் அசையாததால் நோயலீனே இறங்கிவந்தார்.

“சரி, அணைச்சுத் தொல.”

அணைத்துத் திரும்பப் போட்டேன். மாதக்கணக்காகத் தேங்கிய புதுப்பிப்புகள் எல்லாம் அப்போதுதான் உள்ளே இறங்கத் தொடங்கின. அணைக்க வேண்டாம், காத்திருக்கவும் என்றது திரை. செய்ய வேறு வேலையில்லாமல் நோயலீன் மேசைக்குப் போனார். கிரஹாம் இரண்டு தட்டு வைத்தார்.

“கருக்கிட்டியே கிழவா.”

“நீ வர வரைக்கும் அடுப்புல வெச்சிருந்தேன்.”

நோயலீன் சிரித்தார். கருகிய துண்டைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டு, நல்லதை அவருக்கு வைத்தார். கிரஹாம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடவில்லை.

நான் அடுத்த அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். புதுப்பிப்பு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. எழுதுகிறவன் நான் என்பதால் எனக்கு ஒரே ஒரு அதிகாரம் இருக்கிறது: அடுத்த வாக்கியத்தை நான் எழுதும்வரை இந்தக் கம்ப்யூட்டர் திறக்காது. எழுதாமல் வைத்திருக்கிறேன். திறந்தால் அது முன்னைவிட வேகமாக ஓடும், ஒருமுறைகூட நிற்காது. என் வேலை அவ்வளவு சுத்தம்.

நோயலீன் நாற்காலியைத் திருப்பிவிட்டார்.

“கண்ணு, வந்துருச்சா?”

கிரஹாமும் நிமிர்ந்து பார்க்கிறார். இது உங்கள் காதிலும் விழுந்தது. அவர்கள் தட்டில் பாதிக்குமேல் அப்படியே இருக்கிறது. பதிலை நீங்கள் சொல்லுங்கள்.